வக்கச்சனுக்கு அடித்த சாவு மணி

— அப்ப நான் செத்தது எத்தனை மணிக்கு? சும்மா கேக்குறேன்.

— ஒன்பதே கால். ஞாயித்துக்கிழமை. ரெண்டாம் பூசை முடிஞ்ச கையோட.

— கோயில் நோட்டுல ஏத்திட்டியா பைலி?

— இல்ல. பேனாவுல மை தீந்துபோச்சு. கர்த்தாவே, அன்னிக்கு எனக்கு நடந்த ஒரே நல்லது அதுதான்.

— நீ கப்பியாராகி, மணிக்கயித்தைப் பிடிச்சு இருபத்தாறு வருஷம் ஆச்சு. எத்தனை பேருக்குச் சாவு மணி அடிச்சிருப்ப?

— முன்னூறு தாண்டும்.

— அதுல எத்தனை பேரு நாலாம் நாள் உன்னை வீட்டுக்குக் கூப்பிட்டு விசாரணை வெச்சாங்க?

— நாலாம் நாள் எந்திரிச்சவன் லாசரு ஒருத்தன்தான் வக்கச்சா. அவன்கூட கப்பியாரை விசாரிச்சதா வேதத்துல இல்ல.

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா செத்தவரும் மணியடிச்சவரும் இப்படிச் சிரிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா பன்னெண்டு மணி ஆயிடும். ஆஸ்பத்திரியிலேருந்து ஜெஸ்னா மேடம் போன் பண்ணும். அப்ப என்ன சொல்றதா உத்தேசம்?

— ஏலிக்குட்டி, ஒரு மரணத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம். கொஞ்சம் மரியாதை காட்டு.

— உங்க மரணம்தானே இச்சாயா. பொண்டாட்டிங்கிற முறையில எனக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு.

— பன்னெண்டு மணிக்கு என்ன தங்கச்சி?

— தெரியாத மாதிரி கேக்காதீங்க பைலி சேட்டா. மாத்து இதயத்துக்குக் காத்திருக்கிற பட்டியல்ல இவரு பேரு மேல வந்துடுச்சு. எங்கேயாவது பொருத்தமான இதயம் கிடைச்சா இவரைத்தான் கூப்பிடுவாங்க. கூப்பிட்டா ரெண்டரை மணி நேரத்துல ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும். எடுத்த இதயம் நாலு மணி நேரத்துக்கு மேல தாங்காதாமே. நம்ம கரைக்கு ரோடு உண்டா, பாலம் உண்டா? அதனால டவுனுக்குக் குடி வந்துடுங்க, இல்லேன்னா பேரை எடுத்துடுறோம்னு சொல்லிட்டாங்க. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும்.

— நல்ல கேள்வி. பதிலும் ரெடியா இருக்கு. எடுத்துடுங்கன்னு சொல்லப் போறேன்.

— பாத்தீங்களா! பாத்தீங்களா! இதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன்.

— எடா வக்கச்சா, டவுன்ல வீடு பாத்தாச்சாமே. நல்லா இருக்குன்னு என் மருமக சொன்னா.

— நல்லா இருக்கு. மூணாவது மாடி. லிஃப்ட் உண்டு. ஜன்னலைத் திறந்தா இன்னொருத்தன் ஜன்னல். பைலி, நான் பொறந்ததுலேருந்து கடல் மட்டத்துக்குக் கீழ வாழ்றவன். திடீர்னு மூணு மாடி மேல தூக்கி வெச்சா எனக்குக் காது அடைச்சுக்கும். தண்ணி எங்கேடின்னு கேட்டா இவ பக்கெட்டைக் காட்டுறா.

— நான் ஒண்ணும் சொல்லல. இங்க மட்டும் என்ன, காயல்ல முங்கிக் குளிக்கிறீங்களா? ரெண்டு வருஷமா ஈரத்துண்டாலதானே துடைச்சு விடுறேன்?

— தொட முடியாட்டியும் பாக்கலாம்ல. சத்தம் கேக்கலாம்ல. வாத்துக் கூட்டம் போறதை எண்ணலாம்ல. நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் முதல்ல அதைத்தான் எண்ணினேன். நான் செத்த சமயத்துல ரெண்டு குறைஞ்சிருக்கு.

— அது… உன் அடக்கச் சாப்பாட்டுக்குன்னு யாரோ பிடிச்சுட்டாங்க வக்கச்சா. முன்கூட்டியே.

— அப்படியா! யாரு சாப்பிட்டது?

— வீணாக்க வேண்டாம்னு கமிட்டிக்காரங்க சாப்பிட்டாங்க.

— பேஷ். படகுத்துறையில என் போட்டோ போட்டு ரெண்டு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கு, அதையும் பாத்தேன். மணி அடிச்சு ரெண்டு மணி நேரத்துல பேனர் அடிச்சிருக்கானுங்க. நாலு மாசமா கரண்டு கம்பி அறுந்து தொங்குது, அதுக்கு ஒரு ஆளு வரல.

— ஒண்ணு படகு கிளப் வெச்சது. ஒண்ணு கட்சி வெச்சது.

— கட்சிக்காரன் என் ஞானஸ்நானப் பேரைத் தேடிப் பிடிச்சு ‘தோழர் வர்கீசுக்கு வீரவணக்கம்’னு போட்டிருக்கான். நான் எப்படா தோழர் ஆனேன்?

— செத்ததும்.

— அவிழ்த்துடச் சொல்லி நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சேட்டா. இவருதான் வேண்டாங்கறாரு. கிளப் போட்ட போட்டோல மீசை நல்லா இருக்காம்.

— எண்பத்தேழுல எடுத்த போட்டோ ஏலிக்குட்டி. மழையிலயும் வெயில்லயும் அதுவாவது கரையில நிக்கட்டும். சரி, விசாரணைக்கு வருவோம். பைலி, எனக்கு நாடி கிடையாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?

— தெரியும்.

— நெஞ்சுக்குள்ள வெச்ச பம்பு ரத்தத்தைக் குழாய்த்தண்ணி மாதிரி நிக்காம தள்ளுது. துடிப்பே இருக்காது. கையைப் பிடிச்சாலும் கழுத்தைப் பிடிச்சாலும் ஒண்ணும் அகப்படாது. இது கரையில யாருக்குத் தெரியாது? வீடு வீடாப் போய்க் கையை நீட்டிக் காட்டினேனே.

— காட்டினது மட்டுமா? ‘என் நாடியைக் கண்டுபிடிச்சா ஒரு குப்பி கள்ளு’ன்னு பந்தயம் கட்டி மூணு பேருகிட்ட ஜெயிச்ச.

— கள்ளா? நான் ஒண்ணும் சொல்லல. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை தின்னுக்கிட்டு இந்த மனுஷன் கள்ளா குடிச்சாரு?

— ஜெயிச்சேன், குடிக்கல. பைலிதான் குடிச்சான்.

— கர்த்தாவே! ஆமா. நான்தான் குடிச்சேன் தங்கச்சி. மூணும்.

— அப்ப விஷயம் தெரிஞ்ச ஆளு நீ. படகு நிறுத்துற வள்ளப்புரையில, போட்டிக்கு விடப்போற புதுச் சுண்டன் வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசுறதைப் பாக்கப் போனேன். வெயில். தண்ணி குடிக்கல. தலை சுத்திச்சு, விழுந்தேன். அது வரைக்கும் எனக்கே தெரியும். அப்புறம்?

— கம்பவுண்டர் செல்லப்பன் ஓடி வந்தான். கையைப் பிடிச்சான், கழுத்தைப் பிடிச்சான். ‘போச்சு’ன்னான்.

— செல்லப்பன் மாட்டுக்கு ஊசி போடுறவன். அவனை விடு. நீ என்ன பண்ணின? எனக்குப் பம்பு வெச்ச புதுசுல என் நெஞ்சுல காது வெச்சுக் கேட்டவன் நீ. ‘தூரத்துல மோட்டார் படகு போற மாதிரி இருக்குடா’ன்னு சொன்னவன் நீ. அன்னிக்குக் காது வெச்சுக் கேட்டியா?

— கூட்டம் வக்கச்சா. கூச்சல். பொம்பளைங்க அழுகை. உன் பம்போட பேட்டரிப் பெட்டி வேற கீ-கீன்னு கத்துது…

— கேட்டியா இல்லியா? சும்மா கேக்குறேன்.

— …தங்கச்சி, ஒரு கட்டன் சாயா கிடைக்குமா?

— சாயா எல்லாம் அப்புறம். இவரு கேக்குறாரோ இல்லியோ, நான் கேக்குறேன். அன்னிக்கு நான் அக்கரையில கப்பைக்கிழங்கு பிடுங்கிக்கிட்டிருந்தேன் பைலி சேட்டா. மணி ஒத்தை ஒத்தையா விழுந்துச்சு. யாருக்குன்னு கேட்டேன். தோணிக்காரன் என் மூஞ்சியைப் பாக்காம ‘ஏறிக்கோ சேச்சி’ன்னான். அப்பவே புரிஞ்சுபோச்சு. இருபது நிமிஷம். அந்தத் தோணியில இருபது நிமிஷம் நான் விதவையா உக்காந்திருந்தேன். கையில மண்ணு. கழுவக்கூடத் தோணல. மருந்து மாத்திரையில ஏழு வருஷம் ஓட்டினோம். அது பத்தலைன்னு தோளுக்குக் கீழ ஷாக் குடுக்கிற பெட்டி வெச்சாங்க. அதுவும் பத்தலைன்னு இந்தப் பம்பு. ஒவ்வொரு தடவையும் ‘இதோ முடிஞ்சுது’ன்னு நினைச்சு நினைச்சு எனக்குப் பழகியிருக்கணும். பழகல சேட்டா. அந்தத் தோணியிலதான் தெரிஞ்சுது, துளிகூடப் பழகலன்னு.

— மன்னிச்சுடு ஏலிக்குட்டி. உன் கால்ல விழுந்து கேக்கணும். மூட்டு வலி, விழுந்தா எந்திரிக்க முடியாது.

— விழ வேண்டாம். இவருக்குப் புத்தி சொல்லுங்க. பம்போட வயர் வயித்துல நுழையற இடத்துல சீழ் வைக்குது. ரெண்டு மாசமா மருந்து கட்டுறேன், ஆறல. பம்பு இடைக்காலத்துக்குத்தான், இனி இருக்கறது ஒரே வழிதான்னு டாக்டர் பச்சையாச் சொல்லிட்டாரு. புது இதயம் வெச்சுட்டா வயர் கிடையாது, பேட்டரிப் பை கிடையாது. இந்த மனுஷன் காயல்ல முங்கிக் குளிக்கலாம். தண்ணியை விட்டு வரமாட்டேன்னு அடம்பிடிச்சே தண்ணியை இழக்கப் போறாரு.

— அவ சொல்றது ஞாயம்தானே வக்கச்சா?

— ஞாயம்தான். ஆனா நீ அந்த மூணாவது மாடியை யோசிச்சுப் பாரு. காலையில எந்திரிச்சு, கஞ்சி குடிச்சு, போனை முன்னாடி வெச்சுக்கிட்டு நான் என்னன்னு காத்திருக்கறது? எங்கேயோ ஒரு வீட்டுப் பையன் பைக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பணும், திரும்பி வரக்கூடாதுன்னா? இங்கேன்னா நடுவுல வாத்து எண்ணலாம், மீன்காரியோட சண்டை போடலாம், மறந்திருக்கலாம். அங்க வேற வேலையே கிடையாது. அது ஒண்ணுதான் வேலை.

— நீ காத்திருந்தாலும் காத்திருக்காட்டியும் அவன் கிளம்பத்தான்டா போறான்.

— தெரியும். அதனாலதான் பேச்சை மாத்துறேன். எப்படி என்னை ஆஸ்பத்திரியில சேத்தீங்க? இவளைக் கேட்டா ‘படகுல’ங்கறா. கோயில் மோட்டார் படகு ரிப்பேர். சர்வீஸ் படகு பத்தரைக்குத்தான். எந்தப் படகு?

— சொல்லாதீங்க சேட்டா.

— ஏன்? என்ன ரகசியம்?

— சொன்னா இந்த மனுஷன் தாங்கமாட்டாரு. நெஞ்சு சரியில்லாதவரு.

— பைலி!

— …சுண்டன்ல.

— எதுல?

— பயிற்சிக்குப் போயிருந்த பழைய சுண்டன்லதான். மணி கேட்டு அப்படியே திருப்பிக் கொண்டுவந்துட்டானுங்க. தொண்ணூறு பேரு. நடுப்பலகையில பாய் விரிச்சு உன்னைப் படுக்க வெச்சோம். உன் பேட்டரிப் பை நனையாம இருக்க உன் நெஞ்சு மேலயே வெச்சுக் கட்டினேன். பெரிய ரோடு துறை வரைக்கும் ஒரே மூச்சு.

— நான் சுண்டன்ல போனேனா? ரெண்டு வருஷம் கழிச்சு சுண்டன்ல போயிருக்கேன், கண்ணை மூடிக்கிட்டா போனேன்?

— வாயைத் திறந்துக்கிட்டு.

— எழுப்பக் கூடாதாடா பாவி! ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல!

— நீ செத்திருந்தடா.

— யாரு தாளம் போட்டது?

— நான்தான். இடிக்கிற பையன் அழுதுக்கிட்டிருந்தான். உலக்கையை வாங்கி நானே பலகையில இடிச்சேன். நம்ம பழைய தாளம். எண்பத்தேழு தாளம்.

— அமரம்?

— அதைக் கேக்காத.

— பின்னால நின்னு வள்ளத்தைத் திருப்புற அமரத்தை யாருடா பிடிச்சது?

— அமரத்துப் பையன் உன்னைப் பாத்ததும் துடுப்பைக் கீழ போட்டுட்டான். துறையில நின்னவங்கள்ல அமரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான். திவாகரன்.

— அக்கரைத் திவாகரனா? எண்பத்தேழு வள்ளப் போட்டியில நம்மளை ஒரு முழத்துல தோக்கடிச்சவனா? அவன் பிடிச்ச அமரத்துல நான் படுத்துக்கிட்டு… ஏலிக்குட்டி, ஜெஸ்னா மேடத்துக்கு இப்பவே போன் போடு. பேரை மட்டும் இல்ல, என்னையே எடுத்துடச் சொல்லு.

— அவன் அழுதுக்கிட்டேதான் பிடிச்சான் வக்கச்சா. ‘இவனை ஜெயிச்சு முப்பத்தேழு வருஷம் பெருமையடிச்சேன், இனி யாருகிட்டப் போய்ப் பெருமையடிப்பேன்’னு வழி முழுக்க அதான்.

— அவன் ஜெயிக்கலடா. ஆகாயத்தாமரைக் கொடி துடுப்புல மாட்டிச்சு. இல்லேன்னா…

— எந்தக் கொடி?

— அதான், கடைசித் திருப்பத்துல.

— வக்கச்சா, நீ அமரம் பிடிச்ச, நான் உனக்கு எதிர்ல நின்னு இடிச்சுக்கிட்டிருந்தேன். கடைசித் திருப்பத்துல கொடியும் இல்ல, செடியும் இல்ல. கரையில மஞ்சள் குடை பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு உப்பு மாங்காய் தின்னுக்கிட்டிருந்தா. நீ திரும்பிப் பாத்த. அமரம் ஒரு விரற்கடை விலகிச்சு. தொண்ணூத்தஞ்சு பேரு உழைப்பு ஒரு மாங்காய்ல போச்சு.

— …மஞ்சள் குடையா?

— நான் ஒண்ணும் சொல்லல ஏலிக்குட்டி. அப்படி நீ சொல்லுவியே, அந்த மாதிரி.

— அந்தக் குடை என்னோடதுதானே? எங்க அப்பச்சன் கொச்சியிலேருந்து வாங்கிட்டு வந்தது. இச்சாயா, முப்பத்தேழு வருஷமா என்கிட்டயும் கொடின்னுதானே சொன்னீங்க?

— கொடின்னா கொடிதான். சரி, விடு. கொடி இடுப்புன்னு வெச்சுக்கோ.

— ஐயோ, இந்த வயசுல பேச்சைப் பாரு. பைலி சேட்டா முன்னாடி.

— அன்னிக்குத் தோத்துட்டு வந்த ராத்திரி கரையில யாரும் நமக்குக் கஞ்சிகூட ஊத்தல, ஞாபகம் இருக்கா பைலி? தண்ணியிலேயே கிடந்தோம். துறைக்கல்லுல தலையை வெச்சுக்கிட்டு, கழுத்து வரைக்கும் தண்ணி. நீ அழுத. நான் அழுத மாதிரி நடிச்சேன். உள்ளுக்குள்ள எனக்கு ஒரே சந்தோஷம். அந்தத் தண்ணி எப்படி இருந்துச்சு தெரியுமா? மேல சூடு, கீழ குளிரு. கால் விரலை மீன் கடிக்கும். நெஞ்சு அடிக்கறது காதுல கேக்கும்டா, தண்ணிக்குள்ள. தொம் தொம்னு. அன்னிக்கு அவ்வளவு பெரிசா அடிச்சுது. அத்தனையும் அன்னிக்கே அடிச்சுத் தீத்துடுச்சு போல. சரி. ஒரு சந்தேகம். செத்தவனை எதுக்குடா தொண்ணூறு பேரு ஒரே மூச்சுல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க?

— என்னது?

— செல்லப்பன் ‘போச்சு’ன்னான். நீ மணி அடிச்ச. வாத்தைக்கூடப் பிடிச்சாச்சு. அப்புறம் எதுக்கு அவசரம்? செத்தவனைக் குளிப்பாட்டி நடுவீட்டுல கிடத்துறதுதானே முறை?

— அது… மரணச் சர்டிபிகேட்டு ஆஸ்பத்திரியிலதான் தருவாங்க, பன்னெண்டு மணிக்கு மேல போனா கிடைக்காதுன்னு நான் சொன்னேன். சர்டிபிகேட்டுன்னா நம்ம ஆளுங்க எவ்வளவு தூரமும் துழாவுவாங்க.

— ஞாயித்துக்கிழமை என்னடா சர்டிபிகேட்டு?

— யாரும் அதை யோசிக்கல.

— நீ யோசிச்சிருக்க. பைலி, என் கண்ணைப் பாரு. அன்னிக்கு என் நெஞ்சுல காது வெச்சியா?

— வெச்சேன்.

— என்ன கேட்டுச்சு?

— மோட்டார் படகு. தூரத்துல. நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

— பைலி சேட்டா! உசுரு இருக்குன்னு தெரிஞ்சேவா…

— தெரிஞ்சேதான் தங்கச்சி. படகு இல்ல. போன்ல ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா ரோட்டுக்குத்தான் வரும், அதுக்கு நாங்க ரோட்டுக்குப் போகணும். சுண்டன் ரெண்டு மைல் தள்ளிக் காயல்ல இருக்கு. பசங்க துடுப்புப் போடறப்ப எவனும் போன் எடுக்கமாட்டான். பூசை மணி அடிச்சா நாலு கிழவிங்க வருவாங்க. வேதபாட மணி அடிச்சா ஒரு குஞ்சு வராது. போன வெள்ளத்துல ஆபத்து மணி அடிச்சேன், எல்லாரும் வீட்டு மேல ஏறி நின்னு போட்டோ எடுத்தாங்க. இந்தக் கரையில உசுரோட இருக்கறவனுக்காக யாரும் ஓடி வந்து நான் பாத்ததில்ல. செத்தவனுக்குன்னா நடவு, களையெடுப்பு எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவாங்க. கோபுரத்துல ஏறினேன். கயித்தைப் பிடிச்சேன். கர்த்தாவே, பொய் சொல்றேன், கணக்குல வெச்சுக்கோன்னு சொல்லிட்டு அடிச்சேன்.

— எடா பைலி…

— இரு, முடிக்கல. மணி அடிச்சது ஒன்பதே கால். ரோட்டுத் துறையில இறக்கினது ஒன்பது நாப்பத்திரண்டு. ஆஸ்பத்திரி வாசல் பத்து அம்பத்தாறு. ஆம்புலன்ஸ்காரன் சீட்டுல எழுதியிருக்கான். அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு நேத்து ஜெஸ்னா மேடத்தைப் போய்ப் பாத்தேன். ரெண்டரை மணி நேரம் கேட்டீங்க, நாங்க ஒண்ணேமுக்கால்ல கொண்டுவந்திருக்கோம்னு சொன்னேன்.

— அந்தம்மா என்ன சொன்னாங்க சேட்டா?

— அன்னிக்குப் பகல், ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. சாவு மணிக்கு ராத்திரி ஏது, பகல் ஏது மேடம்னு கேட்டேன். சிரிக்கல. உள்ள போய்ப் பெரிய டாக்டர்கிட்டப் பேசினாங்க. வந்து எழுதிக்கிட்டாங்க. டவுனுக்கு வர வேண்டாம், பேரு பட்டியல்லயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. பன்னெண்டு மணிக்கு வர்ற போனுக்கு நீ ‘சரி’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போன் வந்த ராத்திரி நான் கோபுரம் ஏறிடுவேன். திவாகரன்கூடச் சொல்லிட்டான், அமரத்துக்கு அவனே வர்றானாம்.

— அவன் வேண்டாம்.

— அவன்தான் வருவான். வாயை மூடிக்கிட்டுப் படு. இந்தத் தடவை கண்ணைத் திறந்துக்கிட்டு.

— இச்சாயா, இதுக்கு மேல என்ன வேணும்? சொல்லுங்க. என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

— …பங்குச்சாமியார் சம்மதிக்க மாட்டாரு ஏலிக்குட்டி. ஞாயித்துக்கிழமை அடிச்சதுக்கே இவனைக் கயித்தைத் தொடக்கூடாதுன்னாராம். மறுபடியும் உசுரோட இருக்கறவனுக்கு ஒரு பொய் மணி, அதுவும் நடுராத்திரியில…

— அவருகிட்டயும் பேசிட்டேன் வக்கச்சா. அன்னிக்கு அடிக்கறது பொய் மணி இல்ல. எங்கேயோ ஒரு வீட்டுல ஒரு பையன் போயிருப்பான். அவன் பேரு நமக்குச் சொல்லமாட்டாங்க. மணி அவனுக்கு.